இன்ஜினியருக்கு அப்பாவின் குரல்

பிப்ரவரி 4

அன்புள்ள வாயாடிக்கு,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம்தான். போன் போட்டால் உன் குரலைக் கேட்க வேண்டும். இந்த வாரம் என்னால் அது முடியாது. அதனால் ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டு ஓய்ந்திருக்கும் நேரத்தில் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். எழுத்து தப்பினால் விரல் மேல் பழி போடு. வார்த்தைக்கு நான் பொறுப்பு.

நீ படித்துப் பதிவு செய்த நாவல் கேசட்டுகள் வந்தன. பேசும் புத்தக நூலகத்துக்கு இத்தனை வருஷமாகக் கேசட் கேட்டுச் சரிபார்த்துக் கொடுக்கிறேன். பக்கம் விட்டுப் படித்தவர்களைப் பிடித்திருக்கிறேன். பாதித் தூக்கத்தில் படித்தவரையும் பிடித்திருக்கிறேன். நான் கையெழுத்துப் போடாமல் ஒரு கேசட்டும் வெளியே போகாது. இதுவும் போகாது. ஒரு எழுத்துப் பிசகில்லாமல் படித்திருக்கிறாய், அது வேறு விஷயம்.

கதையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், யாரைப் படித்தாய் என்று உனக்கே ஞாபகம் வரட்டும். சண்டைக் காலத்தில் ஓர் ஊர். அந்த ஊரின் குடிநீர் இன்ஜினியர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தண்ணீரை நிறுத்து என்று ராணுவம் சொல்கிறது. வால்வை மூட வேலையாள் மாட்டேன் என்கிறான். இவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே போய் மூடுகிறான். அந்தப் பக்கத்தில் சாக்கடையைக் குடித்துச் செத்தார்கள், கைக்குழந்தைகள் முதலில். சண்டை முடிந்ததும் இவன் வேறு ஊருக்குப் போகிறான். அக்கம்பக்கத்தில் ஒழுகுகிற குழாய்களைக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்து, தங்கமான மனுஷன் என்று பேர் வாங்கி, வயதாகி, கட்டிலில் படுத்து நிம்மதியாகச் சாகிறான். முழுக் கதையையும் அவனே சொல்கிறான். எழுதியவர் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. சரி, அது எழுதியவர் பாடு.

ஆனால் உன் கேசட்டில், வால்வை மூடுகிற இடத்துக்கு முன்னால் அவன் மெல்ல இரண்டு தடவை தொண்டையைச் செருமுகிறான். புத்தகத்தில் அப்படி இருக்க வாய்ப்பில்லை. பிறகு, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு வாக்கியத்தையும் இறக்கிக் கொண்டுவந்து கடைசி வார்த்தையைப் பதமாகத் தரையில் வைக்கிறான். “இதுல நான் என்ன பண்ண முடியும், சொல்லு” என்கிறான்.

நான் மெஷினை நிறுத்திவிட்டேன். அது யார் குரல் என்று உனக்குத் தெரியவில்லையா? எனக்குப் பார்வை போன பிறகு, தினமும் சாயங்காலம் பஸ் டிப்போவிலிருந்து வந்து, சட்டைகூட மாற்றாமல் எனக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டியவர் குரல். ஒரு கொலைகாரனுக்குக் கொடுக்க உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?

கேசட்டுகளைத் திருப்பி அனுப்புகிறேன். வேறு குரலில் படி. அவன் வாயைத் திறந்தாலே கேட்கிறவனுக்கு உடம்பு கூச வேண்டும்.

அண்ணன்


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் அண்ணிக்கு ஒரு வார்த்தை. அண்ணி, இதை நீங்கள்தான் அவனுக்குப் படித்துக் காட்டப்போகிறீர்கள் என்று தெரியும். கடைசிப் பத்தி வரும்போது தயவுசெய்து குரலை உயர்த்திப் படியுங்கள். அங்கே நான் கத்துகிறேன்.

அண்ணா, நான் வேண்டுமென்று செய்யவில்லை. எங்கள் ஒலிப்பதிவு அறை எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். பீரோவுக்குள் உட்கார்ந்த மாதிரி. சுவரெல்லாம் கம்பளி ஆணியடித்திருக்கும். மின்விசிறி போடக் கூடாது, நாற்காலி முனகக் கூடாது, வயிறு இரைந்தால் மறுபடி முதலிலிருந்து. வழக்கமாக ஆண் குரல் படிக்கிறவர் குடலிறக்க அறுவைக்குப் போய்விட்டார். “உங்க குரல்தான் கொஞ்சம் கட்டை, நீங்களே படிச்சிடுங்க” என்று பொறுப்பாளர் அம்மா என் தலையில் கட்டிவிட்டார். புழுக்கத்தில் வியர்வை வழிய அச்சில் இருந்ததைத்தான் படித்தேன்.

உன் கடிதம் வந்ததும் மூன்றாவது கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டேன். உள் அறையிலிருந்து உன் மாப்பிள்ளை வெளியே வந்து, “என்னடி இது, மாமா பேசுற மாதிரி இருக்கு?” என்றார். எனக்குக் கை ஓடவில்லை. ஆக, நீ சொன்னது சரி. ஒத்துக்கொள்கிறேன். அந்தச் செருமல்கூட இருக்கிறது. மூச்சுச் சத்தம் விழுந்தாலே வெட்டி எறிகிற ஒலிப்பதிவுக்காரர் அதை நடிப்பு என்று நினைத்து விட்டுவைத்தாராம்.

ஆனால் எப்படி வந்தது என்று யோசி. அப்பா உனக்குப் பேப்பர் படிக்கும்போது நான் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். உரக்கப் படிப்பது என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான். ஒரு ஆண் பிள்ளை பொறுமையாக ஒன்றை விளக்குகிற மாதிரி அச்சில் வந்தால் என் வாய்க்கு ஒரே வழிதான் தெரியும். அதற்கு நான் என்ன பண்ண?

இப்போது என் கேள்வி. நான் முதன்முதலில் இந்த வேலைக்குப் போனபோது நீதானே சொன்னாய், “படி, நடிக்காதே, கேக்கிறவன் மடையன் இல்ல, அவனே முடிவு பண்ணிக்குவான்” என்று? இப்போது நீயே அவனுக்குப் பேய்க் குரல் கொடு என்கிறாய். அந்த ஊர்க்காரர்கள் அவனை நம்பித்தானே வீட்டுக்குள் விட்டார்கள்? வாயைத் திறந்தாலே உடம்பு கூசுகிறவனை யார் உள்ளே விடுவார்கள்?

இரண்டு மாசம்! மார்கழி, தை மொத்தமும் அந்தப் பீரோவுக்குள்! தொண்டை வலிக்கு மாத்திரை சப்பிச் சப்பி நாக்கு மரத்துப்போய்விட்டது! ஒரு எழுத்துப் பிழை இல்லை என்று நீயே சொல்கிறாய், அப்புறம் திருப்பி அனுப்புகிறாய்! நீ பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்!

தங்கை


பிப்ரவரி 16

வாயாடிக்கு,

நீ சொன்னபடியே உன் அண்ணி கத்திப் படித்தாள். மாடி வீட்டுக்காரர் வந்து என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுப் போனார்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை என்றால் சரி. ஆனால் உன் வீட்டுச் சுவரில் அப்பா படம் மாட்டியிருக்கிறது. மாலைக்குத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிற கல்யாணப் படமும் பெட்டியில் இருக்கிறது. நினைத்தபோது எடுத்துப் பார்த்துக்கொள்வாய். எனக்கு என்ன இருக்கிறது? பதினான்கு வயதுவரை நான் பார்த்த அப்பா முகம் எப்போதோ கலைந்துபோய்விட்டது. மீசை இருந்ததா என்றுகூட உன்னைத்தான் கேட்க வேண்டும். அவர் செத்த பிறகு எனக்கு மிஞ்சியது அந்தக் குரல் ஒன்றுதான். அதுவும் எங்கேயும் பதிவாகவில்லை, என் தலைக்குள் மட்டும் இருந்தது. இப்போது அதைக் கூப்பிட்டால் அது வானிலை அறிக்கை படிக்க மாட்டேன் என்கிறது. வால்வை மூடினேன் என்கிறது. நேற்றும் கூப்பிட்டுப் பார்த்தேன். அதேதான்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பாவைப் பற்றி நீ ஏதாவது சொல்ல வருகிறாயா? நம் ஊரிலும் சண்டை நடந்ததே, அந்த நாளில் அவர் டிப்போவில்தான் இருந்தார். பஸ்கள் போயின, வந்தன. அத்தை உன்னிடம் ஏதாவது சொன்னாளா? இருந்தால் நேராகச் சொல். இப்படிக் கேசட்டில் சுற்றி வளைக்காதே.

குரல் பொய் சொல்லாது என்பது என் கட்சி. போர்டில் உட்கார்ந்து இத்தனை வருஷமாகக் கேட்கிறேன். அழுகிறவன், அழுகிற மாதிரி பேசுகிறவன், கடன்காரனுக்குப் பயந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று சொல்லச் சொல்கிறவன், எல்லாரையும் “ஹலோ”விலேயே பிடித்துவிடுவேன். கண் உள்ளவன் முகத்தைப் பார்த்து ஏமாறலாம். எனக்கு அந்த வசதி இல்லை, அதனால் ஏமாறுவதும் இல்லை.

இப்போது பார். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று உன் அண்ணி ஒரு ஃபிட்டரைக் கூட்டி வந்தாள். வயதானவர். மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு, “வாஷர் போயிடுச்சு சார், பயப்பட ஒண்ணுமில்ல” என்றார், பதமாக. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. “சண்டை நாள்ல நீங்க எங்க இருந்தீங்க?” என்று கேட்டுவிட்டேன். ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. “எல்லாரும் எங்க இருந்தாங்களோ அங்கதான் சார்” என்றார். அவரை அனுப்பிவிட்டேன். அண்ணி என்னோடு பேசுவதில்லை, இந்தக் கடிதத்தை அஞ்சலில் போடுவாளா என்பதே சந்தேகம்.

அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணாவுக்கு,

அண்ணி அஞ்சலில் போட்டார். போட்டது மட்டுமல்ல, உன் டைப்புக்குக் கீழே பேனாவால் இரண்டு வரி எழுதியும் இருக்கிறார். உனக்குத் தெரியாது என்பதால் அப்படியே சொல்கிறேன்: “ஒழுகல் நிற்கவில்லை என்று உன் அண்ணன் மெயின் வால்வை மூடிவிட்டார். கீழ்வீட்டிலிருந்து குடத்தில் தூக்குகிறேன். இப்போது எங்கள் வீட்டு இன்ஜினியர் அவர்தான்.” இதைப் படிக்கும்போது அண்ணி என்ன முகத்தோடு படிப்பார் என்று நினைத்துச் சிரித்தேன். இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததில் சிரித்தது அது ஒன்றுதான்.

அப்பாவுக்கு மீசை இருந்தது. மெல்லிசாக, ஒரு பக்கம் கொஞ்சம் ஏறி இருக்கும். படத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நீ கேட்டிருக்கலாம், எப்போது வேண்டுமானாலும் சொல்லியிருப்பேனே.

அத்தை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா எந்தப் பாவமும் செய்யவில்லை. ராணுவம் பஸ் கேட்டால் டிப்போ கொடுத்திருக்கும், அதில் யார் ஏறினார்கள், எங்கே போனார்கள் என்று பஸ் நேரம் குறிக்கிற அப்பாவுக்கு எப்படித் தெரியும்? அவர் அப்படிப்பட்டவர் இல்லை. எனக்கு நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். அவர் பேசுவது ஞாபகம் வந்தது. அவ்வளவுதான் என் கையில் இருக்கிற சாட்சி. எனக்கு உன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, அண்ணா. நிம்மதியாக இருந்தவளை இதையெல்லாம் யோசிக்க வைத்துவிட்டாய்.

குரல் பொய் சொல்லாது என்கிறாயே. அத்தையின் வீட்டுக்காரர் எவ்வளவு இனிமையாகப் பேசுவார்? அவர் கையால் அத்தை பட்டது என்ன? நீதான் அவரைத் தங்கம் தங்கம் என்பாய்.

சரி, விடு. உனக்கு அப்பா திரும்ப வேண்டும். அதற்காகச் செய்கிறேன், நீ சொல்வது நியாயம் என்று அல்ல. பொறுப்பாளர் அம்மாவிடம் மைக்கில் கோளாறு என்று பொய் சொல்லி அறையை மறுபடி கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை உன் இன்ஜினியர் வாயைத் திறந்தால் கேட்கிறவன் ஓடுவான்.

தங்கை


மார்ச் 20

வாயாடிக்கு,

புதுக் கேசட்டுகளைக் கேட்டேன். அண்ணியும் கூட உட்கார்ந்து கேட்டாள், நாங்கள் இப்போது பேசுகிறோம், தண்ணீர் விஷயம் தவிர.

முதல் பத்து நிமிஷம் எனக்குத் திருப்தியாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, மூக்கால் இழுத்து, சரியான பாம்பு. செத்தான்டா என்று நினைத்தேன். வால்வை மூடுகிற இடம் வந்தது. அண்ணி சிரித்துவிட்டாள். “பள்ளிக்கூட நாடகத்துல வர்ற ராட்சசன் மாதிரி இருக்கு” என்றாள். குழந்தைகள் சாகிற இடத்தில் ஒருத்திக்குச் சிரிப்பு வருகிறது. அவளைத் திட்டலாம் என்று வாயெடுத்தேன், எனக்கே வரப் பார்த்தது.

அப்புறம் அந்தக் குழாய் சரிபண்ணுகிற பகுதி. பக்கத்து வீட்டுக் கிழவி அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து, “நீங்க இல்லன்னா என்ன பண்ணுவேன்” என்கிறாள். இந்தக் குரலுக்கா? கிழவி பைத்தியக்காரி மாதிரி தெரிகிறாள். ஊரே பைத்தியம் மாதிரி தெரிகிறது. அவன் செய்ததற்கு இவர்கள்தான் முட்டாள்கள் என்று ஆகிவிடுகிறது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

கேட்டு முடித்து ஒரு மணி நேரத்தில் அவனை மறந்தும்விட்டேன். பழைய கேசட்டில் வந்தவனை ஒன்றரை மாசமாக மறக்க முடியவில்லை.

இதற்கும் கையெழுத்துப் போட மாட்டேன். இது நடிப்பு.

அண்ணன்


மார்ச் 26

அண்ணாவுக்கு,

அண்ணி, இதை எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் படியுங்கள். எனக்குக் கத்தக்கூடத் தெம்பு இல்லை.

அப்பா மாதிரி இருந்தால் ஆகாது. ராட்சசன் மாதிரி இருந்தால் ஆகாது. உனக்கு என்னதான் வேண்டும்? அவன் தப்பித்துவிட்டான் என்பதுதான் உன் கோபம் என்றால் அது நாவலில் இருக்கிறது, என் தொண்டையில் இல்லை. எழுதியவர் அவனைப் பிடித்துக் கொடுக்கவில்லை. நான் குரலை வைத்து அவனைத் தூக்கில் போட வேண்டும் என்கிறாய். போட்டேன். பார்த்துச் சிரிக்கிறீர்கள்.

பொறுப்பாளர் அம்மா இன்று கூப்பிட்டார். “அண்ணனும் தங்கச்சியும் சண்டைய வீட்ல வெச்சுக்கங்க, எனக்கு ஒரு கேசட் வேணும்” என்றார். மாசக் கடைசிக்குள் கையெழுத்து வராவிட்டால் இரண்டு பதிவையும் அழித்துவிட்டு அந்தக் கேசட்டுகளில் வேறு புத்தகம் பதிந்துகொள்வார்களாம். கேசட் பஞ்சம். அழிக்கட்டும். உன் தலைக்குள் இருக்கிற கேசட்டை யார் அழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அறை காலியாக இருந்தது. அன்றைய பேப்பரை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அப்பா மாதிரி, முதல் பக்கம், வானிலை, சந்தை விலை, அவருக்குப் பிடித்த ‘காணாமல்போனவர்கள்’ அறிவிப்பு எல்லாம் படித்து, உனக்கு ஒரு கேசட் அனுப்பலாம் என்று. உன்னுடையதை உனக்கே திருப்பிக் கொடுத்த மாதிரி இருக்கட்டும் என்று. தொண்டையைச் செருமினேன். அந்த இன்ஜினியர் வந்து என் தொண்டையில் உட்கார்ந்துகொண்டான். மழை பெய்யும் என்று அவன் சொல்கிறான், அண்ணா. காணாமல்போனவர்களின் பெயரை அவன் படிக்கிறான். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டுப் பெண் என்ன ஆச்சு என்று கேட்கிற அளவுக்கு அழுதேன்.

எனக்கும்தான் அவர் போய்விட்டார். அதை நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

தங்கை


மார்ச் 30

என் தங்கைக்கு,

கேட்கவில்லைதான். எனக்கு மட்டும் திருட்டுப் போன மாதிரி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று அண்ணி என்னைக் கேட்காமல் அந்த ஃபிட்டரை மறுபடி கூட்டி வந்துவிட்டாள். வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். நான் சமையலறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன், ஒரு சத்தம் விடாமல் கேட்க வேண்டும் என்று. ஸ்பேனர் பிடிக்கிற சத்தம், பழைய வாஷரைச் சுரண்டுகிற சத்தம், நடுநடுவே அந்தச் செருமல். நல்ல குரல். நல்ல குரல் என்றுதான் சொல்ல வேண்டும், நான் போர்டில் கேட்டால் இந்த ஆளை நம்பி டாக்டருக்கே லைன் கொடுப்பேன்.

முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குழாயில் வைத்து, “திறந்து பாருங்க சார்” என்றார். திறந்தேன். தண்ணீர் கொட்டியது. “இப்ப மூடுங்க, முன்ன மாதிரி அழுத்த வேணாம், ரெண்டு விரல் போதும்” என்றார். மூடினேன். இரண்டு விரல் போதுமாயிருந்தது. ஒரு சொட்டு இல்லை.

பையைக் கட்டிக்கொண்டே அவர் சொன்னார்: “அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்க சார். சண்டை நாள்ல எங்க இருந்தேன்னு. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். சொல்றேன், கேளுங்க.”

“வேணாம்யா, சொல்லாதீங்க” என்றேன்.

அவர் பையைக் கட்டி முடித்தார். பிறகு கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் பெரிய மனுஷத்தனம் காட்டியதாக அண்ணி நினைத்துக்கொண்டு எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அதெல்லாம் ஒன்றுமில்லை. அவர் என்ன சொல்லியிருந்தாலும், அந்தக் குரலில் சொன்னால், நான் நம்பியிருப்பேன். அதுதான் எனக்குப் பயம். இத்தனை வருஷம் யார் யாரை நம்பினேன் என்று நேற்றிலிருந்து வரிசையாக ஞாபகம் வருகிறது. அத்தையின் வீட்டுக்காரர் உட்பட. அப்பா வரைக்கும் போய் நின்றுவிட்டேன், அதற்கு மேல் போகத் தைரியம் இல்லை. உனக்கும் இல்லை என்று தெரியும்.

முதல் பதிவுக்கே ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டு, நாளைக்குள் கிடைக்கிற மாதிரி ஆள் மூலம் நூலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவனை மன்னிக்க நான் யார், தாகத்தில் கிடந்தவன் நான் இல்லையே. இந்தக் கேசட்டைக் கேட்கப்போகிறவர்கள் எல்லாம் என்னைப் போன்றவர்கள், குரலைப் பிடித்துக்கொண்டே நடக்கிறவர்கள். அவன் எப்படிப் பேசுவான் என்று அவர்களுக்குத் தெரியட்டும். அந்தச் செருமலையும் வெட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அப்பா குரல் இன்னும் எனக்குத் திரும்பவில்லை. ஆனால் நீ எழுதிய அந்த ஒரு பக்கம் ஏறிய மீசையை அண்ணியிடம் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, எடுக்கிறேன். என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள். தொண்டையை மட்டும் செருமாதே.

அண்ணன்